பெயரில் ஒரே எண், ஓட்டத்தில் வேறு வேகம்: விளையாட்டு லேப்டாப்பின் ஜிபியூவை எதை வைத்து மதிப்பிடுவது?

மாலைத்தென்றல் எழுதியது:

வணக்கம். 2016 இல் வெளிவந்த என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1060 கிராபிக்ஸ் கார்டு (திரையில் படத்தை வரையும் சிப்பான ஜிபியூவைக் கொண்ட அட்டை) பொருத்திய மேசைக்கணினியில்தான் இதுவரை விளையாடி வருகிறேன். 6 ஜிபி நினைவகம் கொண்ட அந்தக் கார்டு இத்தனை ஆண்டுகளில் ஒரு நாளும் என்னைக் கைவிட்டதில்லை. தெளிவுத்திறனைக் குறைத்தும் நிழல்களின் தரத்தைக் குறைத்தும் புதிய விளையாட்டுகளை ஒருவாறு ஓட்டிக்கொண்டிருந்தேன். ஆனால் 2025 இல் வந்த 'டூம்: தி டார்க் ஏஜஸ்' போன்ற விளையாட்டுகள் ரே டிரேசிங் (ஒளிக்கதிர்களின் பாதையைக் கணக்கிட்டுப் படம் வரையும் முறை) வன்பொருளைக் குறைந்தபட்சத் தேவையாகவே வைத்துவிட்டதால், அமைப்புகளைக் குறைத்துச் சமாளிக்கும் வழியும் அடைபட்டுவிட்டது.

வேலை காரணமாக அடிக்கடி இடம் மாற வேண்டியிருப்பதால் இந்த முறை லேப்டாப்பே வாங்குவதென்று முடிவு செய்து, மூன்றைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கிறேன். முதலாவது மிக மெல்லியது. அதில் இருப்பது ஆர்டிஎக்ஸ் 5070 ஜிபியூ. இரண்டாவது தடிமனானது, எடையும் கூடுதல். அதிலும் அதே 5070 தான். மூன்றாவதில் 5070 டிஐ இருக்கிறது. மூன்றின் திரையும் 2560×1600 பிக்சல்.

என் குழப்பம் தொடங்கிய இடத்தைச் சொல்லிவிடுகிறேன். நண்பர் ஒருவரின் மேசைக்கணினியில் ஆர்டிஎக்ஸ் 4070 இருக்கிறது. அவருடைய தம்பியின் லேப்டாப்பிலும் 4070 என்றே எழுதியிருக்கிறது. ஒரே விளையாட்டை, ஒரே தெளிவுத்திறனில், ஒரே அமைப்புகளுடன் இரண்டிலும் அருகருகே வைத்து ஓட்டிப் பார்த்தோம். மேசைக்கணினியில் வழுக்கிக்கொண்டு ஓடிய அதே காட்சி லேப்டாப்பில் கண்ணுக்குத் தெரியும்படி தடுமாறியது. லேப்டாப்பில் ஏதேனும் பழுது இருக்குமா, அல்லது இயல்பே இப்படித்தானா? அதோடு, 5070 லேப்டாப்பில் 8 ஜிபி நினைவகம்தான் என்கிறார்கள், அது போதுமா? விளம்பரங்களில் காட்டும் பிரேம் எண்ணிக்கையில் (விநாடிக்கு எத்தனை படங்கள் திரையில் வருகின்றன என்ற கணக்கில்) செயற்கையாக உருவாக்கப்படும் பிரேம்களும் சேர்ந்திருப்பதாகப் படித்தேன். அவற்றைக் கணக்கில் சேர்க்கலாமா? அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கார்முகில் எழுதியது:

உங்கள் நண்பரின் தம்பியுடைய லேப்டாப்பில் பழுது எதுவும் இருக்க வேண்டியதில்லை. பெயர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது வேறு சிப். மேசைக்கணினிக்கான 4070 இல் 5,888 கூடா (CUDA) கோர்களும் (கணக்கிடும் சிறு அலகுகள்), 12 ஜிபி நினைவகமும், 200 வாட் மின்வரம்பும் உண்டு. லேப்டாப் 4070 அதைவிடச் சிறிய சிப்பில் செய்யப்பட்டது. அதில் 4,608 கோர்களும் 8 ஜிபி நினைவகமும்தான் இருக்கின்றன. மின்வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை, லேப்டாப்பைத் தயாரிப்பவர் வைப்பதைப் பொறுத்தது. அடுத்த தலைமுறையிலும் கதை மாறவில்லை. மேசைக்கணினி 5070 இல் 6,144 கோர்கள், 12 ஜிபி. லேப்டாப் 5070 இல் அதே 4,608 கோர்கள், 8 ஜிபி. உச்சியில் இடைவெளி இன்னும் அகலமானது: மேசைக்கணினி 5090 இல் 21,760 கோர்கள், 32 ஜிபி, 575 வாட், லேப்டாப் 5090 இல் 10,496 கோர்கள், 24 ஜிபி. பாதிக்கும் குறைவான கோர்களுக்கு அதே பெயரைச் சூட்டியிருக்கிறார்கள். இதை நான் நியாயமான வழக்கமாகக் கருதவில்லை.

நீங்கள் 1060 இலிருந்து வருவதால் இந்தக் குழப்பம் இயல்பானதே. அந்தத் தலைமுறையில் லேப்டாப் 1060 இலும் மேசைக்கணினி 1060 இலும் அதே 1,280 கோர்கள் இருந்தன. 1070 ஐ எடுத்துக்கொண்டால் லேப்டாப்புக்கான சிப்பில் 2,048, மேசைக்கணினிக்கானதில் 1,920 என்று லேப்டாப்பின் பக்கமே கோர்கள் கூடுதலாக இருந்தன. வேகத்தைச் சற்றுக் குறைத்து ஓட்டி ஈடுகட்டினார்கள். பெயர் ஒன்றானால் உள்ளடக்கமும் ஏறத்தாழ ஒன்றே என்ற நம்பிக்கை அன்று உருவானது. பின்னர் மேசைக்கணினிக் கார்டுகள் 300, 400 வாட் என்று ஏறிக்கொண்டே போக, லேப்டாப்பின் உடல் அதே அளவில் நின்றுவிட்டதால் இரண்டும் பிரிந்து போயின.

அடுத்தது வாட் கணக்கு. உங்கள் பட்டியலில் உள்ள மெல்லிய லேப்டாப்பும் தடிமனான லேப்டாப்பும் ஒரே 5070 ஐ வைத்திருந்தும் ஒரே வேகத்தில் ஓடாமல் போகலாம் என்பதற்கு இதுவே காரணம். ஒரு சிப் செலவிடும் மின்திறன், அதன் அதிர்வெண்ணோடு நேர்விகிதத்திலும், அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தின் இருமடியோடும் உயர்கிறது. அதிர்வெண்ணை 10 விழுக்காடு கூட்ட மின்னழுத்தத்தையும் 10 விழுக்காடு கூட்ட வேண்டியிருந்தால், மின்செலவு ஏறத்தாழ 33 விழுக்காடு கூடிவிடும். இதையே மறுபக்கத்திலிருந்து பார்த்தால், வாட்டைப் பாதியாகக் குறைத்தாலும் வேகம் பாதியாகக் குறைவதில்லை. லேப்டாப் ஜிபியூக்கள் சாத்தியமானதே இதனால்தான். ஆனால் மிகவும் கீழே, 50 வாட்டுக்கும் குறைவாக இறங்கினால் நினைவகத்துக்கும் பிற சுற்றுகளுக்கும் போக எஞ்சும் மின்திறன் கோர்களுக்குப் போதாமல், அதிர்வெண் செங்குத்தாகச் சரிகிறது.

என்னிடம் 4060 பொருத்திய லேப்டாப் இருக்கிறது. பெட்டியின்மேல் ஜிபியூவின் பெயரைப் பெரிதாக அச்சிட்டிருந்த தயாரிப்பாளர், வாட் எண்ணை எங்குமே அச்சிடவில்லை. வாங்கிய பின், கண்காணிப்பு மென்பொருளைத் திரையின் ஓரத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். "அமைதி" நிலையில் 55 வாட்டுக்கு மேல் ஏறவில்லை. "செயல்திறன்" நிலைக்கு மாற்றியதும் 100 வாட் அளவில் நின்றது. கனமான விளையாட்டு ஒன்றில், அதே இடத்தில் நின்றுகொண்டு நிலையை மட்டும் மாற்றியபோது, 58 பிரேம் என்று காட்டிய இடத்தில் 77 என்று காட்டியது. மின்விசிறியின் சத்தம் மட்டும் ஹெட்போன் இல்லாமல் உட்கார முடியாத அளவுக்கு உயர்ந்தது. ஆகவே மெல்லிய லேப்டாப்பை வாங்குவதற்கு முன் அதன் வாட் வரம்பைத் தயாரிப்பாளரின் விவரப் பக்கத்தில் தேடிப் பாருங்கள். எழுதியிருக்காவிட்டால் எழுத்து மூலம் கேளுங்கள். பதில் தராதவரிடம் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து.

இரவுப்பறவை எழுதியது:

கார்முகில் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பல லேப்டாப்களில் தனி ஜிபியூ வரைந்த பிரேம் நேராகத் திரைக்குப் போவதில்லை. அது முதலில் செயலிக்குள் இருக்கும் உள்ளமைந்த ஜிபியூவின் வசம் நகலெடுக்கப்பட்டு, அங்கிருந்துதான் திரையை அடைகிறது. மின்கலத்தைச் சேமிப்பதற்காக என்விடியா 2010 இல் ஆப்டிமஸ் என்ற பெயரில் கொண்டுவந்த ஏற்பாடு இது. சாதாரண வேலைகளுக்கு நல்லதுதான். ஆனால் பிரேம் எண்ணிக்கை நூறைத் தாண்டும் விளையாட்டுகளில் இந்த நகலெடுப்பே வேகத்தைக் குறைக்கும், தாமதத்தையும் கூட்டும். மக்ஸ் சுவிட்ச் இருக்கும் லேப்டாப்பில் தனி ஜிபியூவை நேராகத் திரையோடு இணைத்துவிடலாம். 2020 இல் வந்த அட்வான்ஸ்டு ஆப்டிமஸ், கணினியை மறுதொடக்கம் செய்யாமலேயே இந்த மாற்றத்தைச் செய்கிறது. உங்கள் நண்பரின் தம்பி இந்த அமைப்பை ஒரு முறை சரிபார்க்கட்டும். நான் பார்த்த லேப்டாப்களில் பாதிக்கு மேற்பட்டவை, சுவிட்ச் இருந்தும், உள்ளமைந்த ஜிபியூ வழியாகவே ஓடிக்கொண்டிருந்தன.

நெடுஞ்சாலை எழுதியது:

நினைவகக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். ஏனென்றால் 8 ஜிபியோடு இரண்டு ஆண்டுகளாகப் போராடி வருகிறேன்.

ஏன் இன்னும் 8 ஜிபி என்று பலரும் கேட்கிறார்கள். ஜிடிடிஆர் எனப்படும் கிராபிக்ஸ் நினைவகச் சிப் ஒவ்வொன்றும் 32 பிட் அகலமுள்ள பாதையில் ஜிபியூவோடு இணைகிறது. லேப்டாப் 5070 இன் மொத்தப் பாதை 128 பிட். ஆகவே நான்கு சிப்கள். ஒரு சிப்புக்கு 2 ஜிபி என்றால் மொத்தம் 8 ஜிபி. 10 என்றோ 11 என்றோ வைக்க அந்த அமைப்பில் இடமே இல்லை. ஜிடிடிஆர்7 இல் 3 ஜிபி சிப்கள் வந்துவிட்டன. லேப்டாப் 5090 இன் 24 ஜிபி, அவற்றில் எட்டைச் சேர்த்துத்தான் வருகிறது. அதே சிப்களை நான்காக வைத்திருந்தால் 5070 க்கு 12 ஜிபி கிடைத்திருக்கும். வழி இருந்தும் 8 ஜிபியிலேயே நிறுத்தியதுதான் என் மனக்குறை.

பாதை குறுகலாக இருப்பதைப் பெரிய இடைநினைவகத்தால் ஓரளவு ஈடுகட்டியிருக்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 2020 இல் என்விடியாவின் போட்டி நிறுவனமான ஏஎம்டி தன் 6800 எக்ஸ்டி கார்டில் இன்ஃபினிட்டி கேஷ் என்ற பெயரில் 128 எம்பி இடைநினைவகம் வைத்தது. என்விடியா, 3090 இல் 6 எம்பியாக இருந்த இரண்டாம் நிலை இடைநினைவகத்தை 4090 இல் 72 எம்பியாக உயர்த்தியது. அடிக்கடி தேவைப்படும் தரவு சிப்புக்குள்ளேயே கிடைத்துவிடுவதால் வெளி நினைவகத்துக்குப் போகும் பயணங்கள் குறைகின்றன. ஆனால் இடைநினைவகம் வேகத்துக்குத்தான் உதவும், கொள்ளளவுக்கு உதவாது. 9 ஜிபி டெக்ஸ்சரை (பொருள்களின் மேற்பரப்பில் ஒட்டும் படங்களை) 8 ஜிபிக்குள் அடைக்க எந்த இடைநினைவகத்தாலும் முடியாது.

நிரம்பி வழியும்போது நடப்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். என் 4060 லேப்டாப்பின் நினைவக வேகம் விநாடிக்கு 256 ஜிபி. இடம் போதாமல் தரவைக் கணினியின் பொது நினைவகத்தில் வைக்க நேர்ந்தால், அது ஜிபியூவைக் கணினியோடு இணைக்கும், எட்டு வழித்தடங்கள் கொண்ட பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 பாதை வழியாக வர வேண்டும்; அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 16 ஜிபி, அதாவது பதினாறில் ஒரு பங்கு. விளையாட்டில் ஒரு மாளிகையின் கதவைத் திறந்து உள்ளே போனேன். சராசரி பிரேம் 70 என்றே காட்டிக்கொண்டிருந்தது. ஆனால் பிரேம் நேர வரைபடத்தில் சீராகப் போன கோடு, கதவு திறந்த கணத்தில் ஊசி ஊசியாக மேலெழுந்தது. சுவரில் மாட்டியிருந்த ஓவியங்கள் மூன்று நான்கு விநாடிகளுக்குக் களிமண்ணைப் பூசியதுபோல் மங்கலாக நின்று, பிறகுதான் தெளிந்தன. டெக்ஸ்சர் தரத்தை ஒரு படி குறைத்ததும் இரண்டு தொல்லையும் மறைந்தன. சராசரி எண்ணை மட்டும் அட்டவணையில் போடும் ஒப்பீடுகளில் இது தெரியவே தெரியாது.

ஆகவே 8 ஜிபி போதுமா என்றால், 1080 வரிசைத் தெளிவுத்திறனில் (1920×1080) டெக்ஸ்சரை நடுத்தரத்தில் வைத்துக்கொள்ள உடன்படுபவருக்குப் போதும். நீங்கள் 1060 ஐப் போல இதையும் பல ஆண்டுகள் வைத்திருக்க நினைப்பவர் என்றால், 12 ஜிபி கொண்ட 5070 டிஐ பக்கமே போங்கள்.

மாலைத்தென்றல் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. நண்பரின் தம்பியிடம் கேட்டுப் பார்த்தேன். இரவுப்பறவை ஐயா சொன்னதுபோலவே அந்த லேப்டாப் உள்ளமைந்த ஜிபியூ வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போதாக்குறைக்குச் சக்தி நிலையும் "சமநிலை"யில் இருந்தது. இரண்டையும் மாற்றியபின் தடுமாற்றம் பெருமளவு குறைந்துவிட்டதாம். மேசைக்கணினியை எட்டவில்லை, ஆனால் விளையாடத் தக்கதாகிவிட்டது என்கிறார்.

2560×1600 என்பது 1080 வரிசையைவிட எவ்வளவு பெரிய சுமை என்பதையும், பிரேம் உருவாக்கத்தைப் பற்றியும் யாரேனும் சொன்னால் என் கேள்விகள் முடிந்துவிடும்.

வெண்திரை எழுதியது:

முதலில் கணக்கு. 1920×1080 என்பது ஏறத்தாழ 20.7 லட்சம் பிக்சல். 2560×1600 என்பது ஏறத்தாழ 41 லட்சம். சுமை சரியாக இரட்டிப்பாகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். ஆனால் இன்று யாரும் அத்தனை பிக்சலையும் நேராக வரைவதில்லை. சிறிதாக வரைந்த படத்தைப் பெருக்கிக் காட்டும் என்விடியாவின் டிஎல்எஸ்எஸ் நுட்பத்தின் "தர" நிலையில் ஒவ்வொரு பக்கமும் மூன்றில் இரண்டு பங்கு அளவில்தான் படம் வரையப்படுகிறது. உங்கள் திரைக்கு அது ஏறத்தாழ 1707×1067. அதாவது நீங்கள் வாங்கப்போகும் 1600 வரிசைத் திரை, வரையும் சுமையில் 1080 வரிசைக்கும் சற்றுக் குறைவாகவே வந்து நிற்கும். நினைவகத் தேவை மட்டும் அந்த அளவுக்குக் குறையாது. நெடுஞ்சாலை சொன்ன எச்சரிக்கை அப்படியே பொருந்தும்.

இந்தப் படப்பெருக்கம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதை உடனிருந்து பார்த்தவன் நான். 2018 இல் ஆர்டிஎக்ஸ் 20 வரிசையோடு அறிமுகமான டிஎல்எஸ்எஸ், 2019 தொடக்கத்தில் விளையாட்டுகளில் வந்தபோது, ஒவ்வொரு விளையாட்டுக்கும் தனித்தனியாகப் பயிற்றுவிக்க வேண்டியிருந்தது. படமும் எண்ணெய் படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல் இருந்தது. 2020 இல் வந்த இரண்டாம் பதிப்புதான் திருப்புமுனை. அது ஒரே பிரேமை ஊதிப் பெருக்குவதை விட்டுவிட்டு, கேமராவை ஒவ்வொரு பிரேமிலும் ஒரு பிக்சலுக்கும் குறைவான தூரம் நகர்த்தி, முந்தைய பிரேம்களில் கிடைத்த விவரங்களை ஒவ்வொரு பொருளும் நகர்ந்த திசையை வைத்துப் பொருத்திச் சேர்க்கிறது. ஆகவே அதில் தெரியும் நுணுக்கத்தில் பெரும்பகுதி கற்பனையன்று, வெவ்வேறு கணங்களில் உண்மையாகவே வரையப்பட்டது. ஏஎம்டியும் இதே வழியில்தான் நடந்தது: 2021 இல் வந்த அதன் எஃப்எஸ்ஆர் நுட்பத்தின் முதல் பதிப்பு ஒற்றைப் பிரேமையே பெருக்கியது, 2022 இல் வந்த இரண்டாவது, பல பிரேம்களைச் சேர்த்தது, 2025 இல் 9070 கார்டுகளோடு வந்த நான்காவது, இயந்திரக் கற்றலுக்கு மாறியது. இந்தப் படப்பெருக்கத்தை நான் உண்மையான முன்னேற்றமாகவே மதிக்கிறேன், தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பிரேம் உருவாக்கம் இதனோடு ஒரே பெயரில் விற்கப்பட்டாலும் வேறு விஷயம். 2022 இல் ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு வந்த டிஎல்எஸ்எஸ் 3, உண்மையாக வரைந்த இரண்டு பிரேம்களுக்கு நடுவே ஒன்றைச் செயற்கையாக உருவாக்கிச் செருகியது. 2025 இல் 50 வரிசையோடு வந்த நான்காம் பதிப்பு மூன்று வரை செருகுகிறது. நடுவில் செருக வேண்டுமானால் அடுத்த பிரேம் கையில் இருக்க வேண்டும். அதற்காகப் புதிய பிரேமைச் சற்று நிறுத்தி வைத்துத்தான் காட்ட முடியும். ஆகவே கண்ணுக்கு அசைவு வழவழப்பாகத் தெரியும். ஆனால் நீங்கள் சுட்டியை நகர்த்தியதற்கு விளையாட்டு பதில் சொல்லும் வேகம் உண்மைப் பிரேம்களின் வேகமாகவே இருக்கும், அதைவிடச் சற்று மந்தமாகவும் இருக்கும். திரையில் 240 என்று காட்டும்போது உள்ளே 60 தான் வரையப்படுகிறது என்றால், உங்கள் கை அசைவு 16.7 மில்லிவிநாடிக்கு ஒரு முறைதான் படத்தில் புதிதாகப் பதிவாகிறது. அடிப்படை 60 இருந்தால் இது இனிமையான கூடுதல். அடிப்படை 25 ஆக இருக்கும்போது இதை இயக்கி 100 என்று காட்டினால், படம் நீரில் மிதப்பதுபோல் கைக்குப் பின்னால் இழுபடும்.

சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. கம்பிவேலி இருக்கும் இடத்துக்குப் போய், வேலிக்கு அப்பால் ஒருவர் நடக்கும்போது கேமராவைப் பக்கவாட்டில் திருப்புங்கள். நான்கு மடங்கு நிலையில் (ஓர் உண்மைப் பிரேமுக்கு மூன்று செருகும்போது), அடிப்படைப் பிரேம் குறைவாக இருந்தால், கம்பிகளின் ஓரம் நெளிந்து, நடப்பவரின் தோளோடு ஒட்டிப் பிரிவதைக் காண்பீர்கள். இரண்டு மடங்குக்குக் குறைத்தால் பெரும்பாலும் நேராகிவிடும்.

2025 ஜனவரியில் லாஸ் வேகஸில் நடந்த அறிமுக மேடையில், 5070 இல் 4090 இன் செயல்திறன் கிடைக்கும் என்று என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங் சொன்னதைப் பலர் இன்றும் மேற்கோள் காட்டுகிறார்கள். 6,144 கோர்களும் 12 ஜிபியும் கொண்ட மேசைக்கணினிக் கார்டு, 16,384 கோர்களும் 24 ஜிபியும் கொண்ட கார்டை எட்டியதாகக் காட்டியது இந்தச் செருகப்பட்ட பிரேம்களை எண்ணித்தான். ஒப்பீட்டு அட்டவணையைப் பார்க்கும்போது, பிரேம் உருவாக்கத்தை அணைத்துவிட்டு எடுத்த எண்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கார்முகில் எழுதியது:

வெண்திரையின் கருத்தோடு முழுமையாக உடன்படுகிறேன். ஒரு சிறு சேர்க்கை: பிரேம் உருவாக்கமும் கிராபிக்ஸ் நினைவகத்தில் தனக்கென இடம் எடுத்துக்கொள்ளும். 8 ஜிபி விளிம்பில் ஓடிக்கொண்டிருக்கும் விளையாட்டில் அதை இயக்கினால், நெடுஞ்சாலை சொன்ன ஊசிகள் அதனாலேயே தோன்றக்கூடும்.

மாலைத்தென்றல் எழுதியது:

இப்போது தெளிவாகிவிட்டது. மெல்லிய லேப்டாப்பைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டேன். வாட் வரம்பைக் கேட்டு எழுதிய மடலுக்கு, "உங்கள் தேவைக்குப் போதுமானது" என்று மட்டுமே பதில் வந்தது. 5070 டிஐ உள்ள லேப்டாப்புக்கு 140 வாட் என்று எழுத்திலேயே உறுதி தந்திருக்கிறார்கள். மக்ஸ் சுவிட்சும் இருக்கிறது. அதையே வாங்கப் போகிறேன். கடைசியாக ஒன்று: பயணத்தின்போது பெரிய மின்னேற்றியைச் சுமக்காமல், டைப்-சி மின்னேற்றியைச் செருகியோ மின்கலத்திலோ விளையாட முடியுமா?

இரவுப்பறவை எழுதியது:

மின்கலத்தில் ஓடும்போது எந்த லேப்டாப்பும் ஜிபியூவுக்கு 140 வாட் தராது. மின்கலத்தைக் காக்க வரம்பைப் பெருமளவு இறக்கிவிடும். டைப்-சி வழியாக 240 வாட் வரை அனுப்பும் தரநிலை 2021 இல் வந்துவிட்டது. ஆனாலும் பல லேப்டாப்கள் அந்தத் துளையில் 100 வாட் அளவுக்குத்தான் ஏற்றுக்கொள்கின்றன; செயலி, திரை இரண்டுக்கும் போக ஜிபியூவுக்கு எஞ்சுவது கொஞ்சமே. பழைய விளையாட்டுகளை 60 பிரேமில் கட்டிவைத்து ஓட்ட அது போதும். கனமான விளையாட்டுக்குப் பெரிய மின்னேற்றியைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். வாங்குவதற்கு முன் அதன் எடையையும் லேப்டாப்பின் எடையோடு சேர்த்துக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.